பொருளியலின் முதற் பாடம்

தமிழிலே 'பொருள்' என்னும் சொல் செல்வத்தையும் குறிக்கும். ஒரு சொல்லின் கருத்தையும் குறிக்கும். இவ்விரண்டையும் ஒரே சொல்லாற் சுட்டும் மொழியிற் பொருளியலைக் கற்பிக்கப் புகும் ஆசிரியருக்கு ஒரு வாய்ப்பும் உண்டு; ஓர் இடரும் உண்டு. வாய்ப்பு யாதெனில், மாணவர் அறிந்த சொற்களைக் கொண்டே அவர் அறியாத கருத்துக்களுக்கு அவரை அழைத்துச் செல்லலாம். இடர் யாதெனில், சொல் தெரிந்தவுடனே கருத்தும் தெரிந்துவிட்டதென்று மாணவரும் நம்பிவிடுவார், ஆசிரியரும் நம்பிவிடுவார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்லூரிகளில் உயர்தர வகுப்பிற் பொருளியலைத் தொடங்கும் பிள்ளைகளையும், திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் முதலாம் ஆண்டில் அதனைத் தொடரும் மாணவரையும் நோக்கினால், வாய்ப்பினும் இடரே பெரிதும் பலித்திருக்கக் காணலாம்.

குறைந்து செல் விளைவு விதி யாது என்று வினவினால், வரி பிசகாமல் ஒப்புவிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உளர். அவர்களுள் ஒரு கமக்காரரின் பிள்ளையை எழுப்பி, உன் அப்பா வெங்காயப் பாத்திக்கு இரண்டு முறை உரம் போட்டார், மேலும் மேலும் போடாமல் ஏன் நிறுத்திக் கொண்டார் என்று கேட்டால், "அது விவசாயப் பாடமல்லவா, சேர்?" என்று மறுமொழி வரும். தந்தை தோட்டத்தில் நாள்தோறும் கையாளும் விதியும், மகள் கொப்பியில் எழுதிவைத்திருக்கும் விதியும் ஒன்றே என்பதை ஒருவரும் அவளுக்குக் கூறவில்லை. கூறியிருந்தால் அந்த விதியை மனனம் செய்யவேண்டிய தேவையே இருந்திராது.

இந்நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. முற்காலத்திலே பொருளியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்திற்கு மாணவரைப் பயிற்றிய காலமும் ஒன்றிருந்தது. அக்காலத்துப் பாடநூல்களில் வரும் உதாரணங்கள் கோதுமையும் மாட்டிறைச்சியும் நிலக்கரியுமாக இருந்தன. 1960ஆம் ஆண்டில், தாய்மொழி வழியே படித்த மாணவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைத்துறைக்கு முதன்முதலாகப் புகுந்தனர். அவர்களுக்கென அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்களை ஆக்கியது, நூல்களை மொழிபெயர்ப்பித்தது. அது சிறிய பணியன்று. ஆயின் மொழி மாறியதே அன்றி உதாரணங்கள் பெரும்பாலும் மாறவில்லை. கோதுமை தமிழிற் பேசத் தொடங்கிற்று, அவ்வளவுதான். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கி, 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமான பின்னரும், கீழ்வகுப்புகளில் வழங்கும் குறிப்புக் கொப்பிகளிற் பழைய கோதுமை முற்றாக ஒழிந்தபாடில்லை.

கலைச்சொற்களைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். இலங்கையிற் பொருளியல் என்பது தமிழகத்திற் பொருளாதாரம். இங்கே கேள்வி, நிரம்பல் எனப்படுபவை அங்கே தேவை, அளிப்பு எனப்படும். இங்கே அமையச் செலவு. அங்கே வாய்ப்புச் செலவு. இங்கே எல்லைப் பயன்பாடு. அங்கே இறுதிநிலைப் பயன்பாடு. சென்னையில் அச்சான நூலொன்றை ஆவலோடு வாங்கிவரும் யாழ்ப்பாணத்து மாணவி முதல் அத்தியாயத்திலேயே திகைத்து நிற்பதற்கு இதுவே காரணம். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகத் தீர்ப்புக் கூறுதல் இயலாது. சொல்லுக்குச் சொல் பார்த்தல் வேண்டும். 'கேள்வி' என்ற சொல்லைப் பலர் குறைகூறுவர். கேள்வி என்றால் வினா என்றறிந்த பிள்ளை மயங்காதா என்பர். உண்மையில் அதனினும் பொருத்தமான சொல்லைத் தேடிக் காண்பது அரிது. பாஷையூரிலோ குருநகரிலோ விடியற்காலையில் மீன் ஏலம் நடக்குமிடத்துக்கு ஒரு வகுப்பை அழைத்துச் சென்றால் இது தெளிவாகும். அங்கே ஒருவர் விலையைக் 'கேட்கிறார்'. அறக்குளாவின் மேல் ஆசையுடையோர் பலர் சுற்றி நிற்கின்றனர். ஆசை மட்டும் உடையவரை ஏலம் கூறுபவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இன்ன விலைக்கு நான் எடுப்பேன் என்று வாய்திறந்து கேட்பவரே கணக்கிற் சேர்வர். வெறும் விருப்பத்துக்கும், வாங்கும் வலுவோடு கூடிய கேள்விக்கும் உள்ள வேறுபாட்டை நூல்கள் ஒரு பக்கத்தில் விளக்க முயல்கின்றன. ஏலத்தில் நிற்கும் பிள்ளைக்கு அது இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். நிரம்பல் என்னும் சொல்லைப் பற்றி அவ்வாறு புகழ்ந்துரைக்க முடியாது. கூடை நிரம்பியிருத்தல் வேறு. இந்த விலைக்கு இவ்வளவை விற்க ஆயத்தமாயிருத்தல் வேறு. இங்கே தமிழகத்தாரின் அளிப்பே மேலானது.

மீன் சந்தையிற் சிறிது நேரம் நிற்பதாற் பழுதில்லை. ஏனெனில் அல்பிரட் மார்சல் தாமே அங்கே நின்றவர். 1890இல் வெளிவந்த தமது பெருநூலிலே, விலை உருவாவதில் காலத்துக்கு உள்ள பங்கை விளக்குதற்கு அவர் எடுத்துக்கொண்டது மீன்பிடித் தொழிலையே. இன்று காற்று அடித்தால் இன்று மீன் குறையும், விலை ஏறும், வந்த மீனை விற்றுத் தீர்ப்பதன்றி வேறு செய்வதற்கில்லை. சில மாதங்களுக்கு மீனுக்குக் கேள்வி மிகுந்து நின்றால், பழைய வள்ளங்களும் கடலில் இறங்கும்; வேறு தொழிலுக்குச் சென்றவரும் திரும்புவர். பல ஆண்டுகளுக்கு அந்நிலை நீடித்தால், புதிய வள்ளங்கள் கட்டப்படும். புதிய தலைமுறை தொழில் பழகும். மார்சலின் இம்மூன்று காலங்களையும் மயிலிட்டியின் கதையோடு சேர்த்துக் கூறும் ஆசிரியர், பாடத்தை மாணவர் நெஞ்சில் இருத்திவிடுவார். குடாநாட்டின் பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்றான மயிலிட்டியிலிருந்து மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தனர். துறைமுகம் மீண்டும் அவர்கள் கைக்கு வந்தது 2017இல். இடையிற் சென்றவை 27 ஆண்டுகள். இறங்குதுறையைத் திருத்திக் கட்டலாம். வள்ளம் வாங்கக் கடன் கொடுக்கலாம். ஆனால், தந்தையோடு கடலுக்குச் சென்று நீரோட்டமும் மீன்வழியும் பழகியிருக்க வேண்டிய ஒரு தலைமுறை முகாம்களிலும் பிற ஊர்களிலும் வளர்ந்துவிட்டது. மூலதனம் என்பது மரமும் இயந்திரமும் மட்டுமன்று என்பதை விளக்குதற்கு இதனினும் கசப்பான உதாரணம் வேண்டுவதில்லை.

இனி, வெங்காயத்துக்கு வருவோம். பன்னாட்டு வாணிபம் என்னும் அத்தியாயத்தை ஆசிரியர் தொடங்கும்போது, 1817இல் ரிக்காடோ கூறிய இங்கிலாந்துத் துணியும் போர்த்துக்கல் வைனும் கரும்பலகையில் எழுதப்படும். இரு நாடுகளும் தத்தமக்கு ஒப்பீட்டு நலமுள்ள பொருளை ஆக்கி மாற்றிக்கொண்டால் இரண்டும் பயன்பெறும் என்று கணக்கினால் நிறுவப்படும். கணக்கில் பிழையில்லை. ஆயின் அக்கணக்கை எழுதிக்கொள்ளும் பிள்ளைகளின் பாட்டன்மார் அதன் இரு முகங்களையும் ஏழாண்டு இடைவெளியிற் கண்டவர்கள். 1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம், அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாக, மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியை இறுகக் கட்டுப்படுத்திற்று. விலை உயர்ந்தது. குடாநாட்டின் செம்மண் தோட்டங்கள் பொலிந்தன, கல்வீடுகள் எழுந்தன, விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய வன்னிக் குடியேற்றங்களில் படித்த வாலிபரும் மண்வெட்டி பிடித்து மிளகாய் செய்தனர். 1977இல் ஆட்சி மாறியது; இறக்குமதி திறந்துவிடப்பட்டது; அயல்நாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்திறங்கின; தோட்டக்காரரின் வருவாய் சரிந்தது.

இதனைக் கற்பிப்பதில் இரண்டு வகையான நேர்மையீனங்கள் நேரக்கூடும். யாழ்ப்பாணத்து ஆசிரியர் சிலர், முதல் ஏழாண்டு பொற்காலம், பின்னர் வந்தது இருட்காலம் என்று உணர்ச்சியோடு உரைத்து முடித்துவிடுவர். அந்த உயர்ந்த விலையைக் கொடுத்தவர் யார் என்ற வினா எழுவதேயில்லை. கொழும்பின் கூலித்தொழிலாளியும் மலையகத்துத் தோட்டத் தொழிலாளியும் தமது கறியிற் குறைத்த மிளகாயன்றோ அக்கல்வீடுகளின் ஒரு பங்கு! வேறு சிலர், நூலிற் கண்டவாறு, கட்டுப்பாடு நீங்கியதால் நாடு முழுவதற்கும் நலம் விளைந்தது என்று எழுதிவைப்பர். நலம் பெற்றவர் இழந்தவருக்கு ஈடுசெய்தாரா, மிளகாய்ப் பயிரை விட்ட வாலிபன் எந்தத் தொழிலுக்குச் சென்றான், அத்தொழில் அவனுக்குக் கிடைத்ததா என்ற வினாக்கள் அங்கும் எழுவதில்லை. ரிக்காடோவின் கணக்கிலே நெசவாளன் ஒரு கணத்தில் வைன் செய்பவனாகிவிடுகிறான். செம்மண்ணிலே அவ்வாறு நிகழ்வதில்லை. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தோட்டக்காரராகவும் மறு பாதியை வாங்கி உண்பவராகவும் இருத்தி, தத்தம் இலாப நட்டக் கணக்கை எழுதச் செய்தல் நல்ல முறை. முடிவை ஆசிரியர் கூற வேண்டுவதில்லை. இருசாராரின் கணக்கையும் ஒரே தாளில் எழுதக் கற்ற பிள்ளை பொருளியலின் பாதியைக் கற்றுவிட்டது.

குடாநாட்டின் பெருஞ் செல்வம் வெங்காயமுமன்று, புகையிலையுமன்று; நிலத்தடி நீரே. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. மாரிமழை சுண்ணக்கல்லின் வெடிப்புக்களூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கண்ட விகிதம். ஆகவே மேலே ஓர் அடி குறைந்தாற் கீழே உவர்நீர் 40 அடி ஏறிவர இடமுண்டு. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலை யாவரும் அறிவர். துலாமிதித்து இறைத்த நாளிலே, மனிதன் களைத்தபோது கிணறும் இளைப்பாறிற்று. இறைக்கும் இயந்திரம் வந்தபின் களைப்பென்பது இல்லை. மண்ணெண்ணெய் விலையொன்றே தடை. தன் கிணற்றில் இறைப்பவர் எரிபொருட் செலவைக் கணக்கிடுகிறார். அயற்கிணறு உவராகும் செலவு அவர் கணக்கில் வருவதில்லை. புறவிளைவு என்று பொருளியலார் கூறுவது இதனையே. ஆலைப் புகையும் சலவைத் தொழிலாளியின் வெள்ளைத் துணியும் என்று ஐரோப்பிய நூல்களில் வரும் உதாரணத்தை யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கூறவேண்டிய தேவை என்ன? இப்பகுதியைக் கற்பிக்கும்போது சுன்னாகத்தையும் கூறலாம். அங்கே மின்னிலையச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு செலுத்துதல் வேண்டும் என்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. செலவை அதனை விளைத்தவரின் கணக்கிற் சேர்த்தல் என்னும் கோட்பாடு நூலிலிருந்து நீதிமன்றம் ஏறிய இடம் அது.

வட்டியைப் பற்றிய பாடம் உடனடிப் பயன் தருவது. சீட்டுப் பிடிக்கும் வழக்கம் இங்கே பழையது. அதிகக் கழிவுக்கு உடன்படுபவர் முதலிற் பணத்தை எடுப்பார் என்பதை வீட்டிலிருக்கும் பாட்டியே விளக்குவார். போர் 2009இல் முடிந்தபின் வடக்கிற் பரவிய நுண்கடன் வேறுவகை. ஒரு பெண் 100,000 ரூபா கடன் பெறுகிறார். ஆண்டுக்கு 20 சதவீத நேர்வட்டி. மாதம் 10,000 ரூபாவாக 12 தவணை. நூற்றுக்கு 20 தானே என்று அவர் நினைக்கிறார். ஆனால் முழுத்தொகை அவர் கையில் இருந்தது முதல் மாதம் மட்டுமே. மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருதலின், ஆண்டு முழுவதற்கும் சராசரியாக அவர் கையில் நின்றது ஏறத்தாழ 54,000 ரூபாவே. 54,000 ரூபாவுக்கு 20,000 ரூபா வட்டி. அதாவது மெய்வட்டி 35 சதவீதத்துக்கும் மேல். இக்கடன்களின் சுமை எவ்வளவாயிற்றெனில், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே தீர்க்க முன்வந்தது. இக்கணக்குக்கு எட்டாம் வகுப்புக் கணிதமே போதும். ஆயினும் உயர்தரப் பாடத்தில் வட்டிக் கொள்கைகளை அறிஞர் பெயரோடு அடுக்கத் தெரிந்த பலர் இதனைச் செய்ததில்லை. தாயின் தவணை அட்டையைக் கொண்டுவந்து வகுப்பிற் கணக்கிட்ட பிள்ளைகள் வீடு திரும்பி என்ன கூறினர் என்பது பரீட்சையில் வராது.

பணவீக்கத்தைக் கற்பிக்க 2022ஆம் ஆண்டு வேறெந்த நூலையும் வேண்டாததாக்கிவிட்டது. அவ்வாண்டு ஏப்ரில் மாதம் நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திற்று. செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டிற்று. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அது 1.3 சதவீதமாயிற்று. பணவீக்கம் வீழ்ந்தது என்று செய்தி வந்தபோது, சந்தையிலே விலை வீழவில்லையே, புள்ளிவிவரம் பொய்யா என்று படித்தவரும் கேட்டனர். பொய்யன்று. 100 ரூபாவுக்கு வாங்கிய கூடை முதலாண்டில் 169 ரூபா 80 சதமாயிற்று. அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 172 ரூபாவாயிற்று. ஏறும் விரைவு குறைந்தது. ஏறிய விலை இறங்கவில்லை. மலையேறுபவன் நடையைத் தளர்த்தினான் என்பதனால் அடிவாரத்துக்கு வந்துவிட்டான் என்று யாரும் கருதுவதில்லை. இவ்வொரு வேறுபாட்டை உணர்த்துதற்கு ஒரு முழுப் பாடவேளையைச் செலவிடினும் தகும். சம்பளமும் ஓய்வூதியமும் அதே விகிதத்தில் ஏறினவா என்பது அடுத்த வேளைக்குரியது.

மாற்றுப்பொருள், நெகிழ்ச்சி என்பவற்றுக்கு 1990களின் முற்பகுதி உண்டு. குடாநாட்டுக்குப் பல பொருள்கள் செல்லாதவாறு தடையிருந்த அக்காலத்திற் பெற்றோல் இன்றி மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள்கள் ஓடின. மின்கலம் இன்மையாற் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். எதற்கு மாற்று எளிதிற் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவே இல்லை என்று பிள்ளைகள் தத்தம் வீட்டாரிடம் கேட்டு ஒரு பட்டியல் எழுதுவாராயின், நெகிழ்ச்சி குறைந்த பொருள் எதுவென்று தாமே கண்டுகொள்வர். மருந்து அப்பட்டியலில் எங்கே நிற்கும் என்பதை அவர்களுக்குக் கூறவேண்டுவதில்லை.

அமையச் செலவு என்னும் கருத்தே இவையெல்லாவற்றினும் கற்பித்தற்கு அரியது. காரணம், அது கையில் எண்ணக்கூடிய செலவன்று. விட்ட ஒன்றின் பெறுமதி. பட்டம் பெற்றபின் அரச நியமனத்தை எதிர்பார்த்து ஈராண்டு, மூவாண்டு வீட்டில் இருக்கும் பட்டதாரியின் செலவு எவ்வளவு என்று வகுப்பிற் கேட்டால், வீட்டிலே தானே இருக்கிறார், செலவில்லை என்று பலர் கூறுவர். கேட்கும் ஆசிரியரும் அரச ஊழியர். பதில் சொல்லும் பிள்ளைகளிற் பாதிப்பேர் அதே வரிசையிற் காத்திருக்கப் போகிறவர்கள். அதனாலேயே வினா கூர்மை பெறுகிறது. காத்திருத்தல் மூடத்தனம் என்று ஆசிரியர் தீர்ப்புக் கூறுதல் தவறு. ஓய்வூதியத்தோடு கூடிய தொழிலுக்கு மூன்றாண்டைக் கொடுத்தல் சிலருக்கு இலாபமாகவே முடியலாம். கொடுப்பது சூனியம் அன்று என்பதைக் கணக்கிற் காட்டுவதே ஆசிரியர் கடமை. உத்தியோகத்தவர் ஊருக்கு அனுப்பிய பணத்தால் வாழ்ந்த பழைய மணியோடர்ப் பொருளாதாரமும், புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தால் வாழும் இன்றைய பொருளாதாரமும் இக்கணக்கின் பின்னாலே நிற்கின்றன.

வரைபடத்தைப் பற்றி ஒன்று கூறாமல் விட முடியாது. விலையை நிலைக்குத்து அச்சிலும் தொகையைக் கிடையச்சிலும் குறிப்பது மார்சல் காலந்தொட்டு வந்த வழக்கம். கணிதம் கற்ற பிள்ளைக்கு இது தலைகீழாகத் தோன்றும். காரணமாய் நிற்பது கிடையச்சில் அன்றோ வரவேண்டும்? இது ஒரு மரபு, வேறு மருமம் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லாமையால் ஆண்டு முழுவதும் கேள்வி வளையியைப் படமாக மனனம் செய்யும் பிள்ளைகள் பலர். கலைப்பிரிவு மாணவருக்கு வரைபடமே வேண்டாம் என்று ஒதுக்கும் ஆசிரியர் அவர்களுக்கு இரக்கம் காட்டுவதாக எண்ணுகிறார். உண்மையிற் கதவை அடைக்கிறார்.

வகுப்புக்கு வெளியே சென்று கற்பது புதுமையன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளாதாரப் பேராசிரியராக 1915இல் வந்த கில்பேட் சிலேற்றர், இங்கிலாந்து நூல்களை மட்டும் கற்பித்தாற் பயனில்லை என்று கண்டு, விடுமுறைக்குச் செல்லும் மாணவர் கையில் வினாக்களைக் கொடுத்து, தத்தம் கிராமத்தின் நிலம், கூலி, கடன், பயிர், உணவு என்பவற்றை ஆராய்ந்து எழுதிவரச் செய்தார். அவை 1918இல் நூலாயின. இருவேல்பட்டு முதலிய அக்கிராமங்களைப் பிற்காலத்து ஆய்வாளர் 1930களிலும் அதன் பின்னரும் மீண்டும் ஆராய்ந்தனர். மாணவர் எழுதிய குறிப்பு இருந்தமையாலேயே ஒப்பிட முடிந்தது. குடாநாட்டின் ஒரு கல்லூரியேனும் 1970 முதல் இத்தகைய கொப்பியொன்றை வைத்திருந்தால், 1977இல் வெங்காயத்துக்கு நேர்ந்தது பற்றி இன்று நினைவை நம்பிப் பேசவேண்டியதில்லை. தொடங்குவதற்கு இப்பொழுதும் தடையில்லை. திருநெல்வேலிச் சந்தைக்கு வாரத்தில் ஒரு நாள் இரண்டு பிள்ளைகள் சென்று, தோட்டக்காரர் பெற்ற விலை ஒரு நிரலிலும், அதே வெங்காயத்துக்கு மாலையிற் கடைக்காரர் கேட்ட விலை மறு நிரலிலும் குறித்து வந்தாற் போதும். மூன்றாவது நிரலில் அன்றைய மண்ணெண்ணெய் விலையை எழுதலாம். ஆண்டிறுதியில் அக்கொப்பி அடுத்த வகுப்புக்குப் போகும்.